வரைபடத்தில் அஞ்சடி எங்கே? தோட்டக் குடியிருப்புத் திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

திட்டக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

போன மாதம் கோயில் மண்டபத்தில் நீங்கள் ஒட்டிவைத்த வரைபடத்தின் முன்னால் நானும் நின்றிருந்தேன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான இரண்டாம் டிவிஷன் லயங்களில் மிச்சமிருக்கும் 60 குடும்பங்களுக்கு ஐந்து மாடியில் இரண்டு புளோக். மின்தூக்கி கிடையாது. ஒரு வருடத்துக்கு முன் காட்டிய வரைபடத்தில் இரண்டு புளோக்குக்கும் நடுவில் சமூகக்கூடம் என்று ஒரு கட்டம் இருந்தது. இப்போது அந்தக் கட்டத்தில் 12 கார் நிறுத்துமிடங்கள். "கூடம் என்ன ஆச்சு?" என்று பின்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் கேட்டார். பட்டணத்தில் மண்டபம் இருக்கிறது, வேண்டும்போது வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பதில் சொன்னீர்கள். அப்புறம் தண்ணீர் மீட்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டீர்கள்.

அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கல்யாணத்துக்கும் கருமக்கிரியைக்கும் மட்டும் வேண்டியது கூடம் என்று நினைக்கிறீர்கள். எங்களுக்கு அது தினமும் வேண்டும். அதை எடுத்துவிட்டுக் கட்டினால் என்ன ஆகும் என்பதை 14 வருடமாக வாழ்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் டிவிஷன் மக்களை ஏற்றிய அடுக்குமாடியில், பி புளோக் நான்காவது மாடியில் என் வீடு. பிறந்தது லயத்தில். அப்பா பால்மரம் வெட்டினார், ரப்பர்ப் பால் எடுக்கும் வேலை. அம்மா, தொழிலாளர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் ஆயா. நான் 20 வருடத்துக்கு மேலாகப் பாலர் பள்ளி ஆசிரியை. இந்தப் பட்டணத்தில் உங்கள் பிள்ளைகள் சிலருக்கும் 'அ' எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

எங்கள் அடுக்குமாடியில் வீடு என்று பார்த்தால் பெரிய குறை இல்லை. மூன்று அறை, உள்ளேயே குளியலறை, குழாயைத் திறந்தால் தண்ணீர். லயத்தில் மழைக்காலத்தில் தகரத்துக்குக் கீழே வாளி வைத்துத் தூங்கியவர்கள் நாங்கள். புது வீட்டுச் சாவியை வாங்கிய அன்று அம்மா ஒவ்வொரு அறையாகப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். "செங்கல் சுவரு" என்று எல்லாரிடமும் சொன்னார்.

குறை எல்லாம் கதவுக்கு வெளியே ஆரம்பிக்கிறது. அம்மாவுக்கு அப்போது 71 வயது. இரண்டு முழங்காலிலும் வலி. எங்கள் வாசலில் இருந்து தரைக்கு 64 படி. முதல் வருடம் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கு இறங்கினார். இரண்டாம் வருடம் கிளினிக்குக்கு மட்டும். அப்புறம் மருந்தையும் நானே போய் வாங்கி வந்தேன். காலையில் எட்டு மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பியதும் அம்மா அடுக்களை ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நான்காவது மாடியில் இருந்து பார்த்தால் கீழே போகிறவர்களின் முகம் தெரியாது, உச்சந்தலைதான் தெரியும். கொஞ்ச நாளில் உச்சந்தலையை வைத்தே ஆளைக் கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டார். "ஏ புளோக் பெரியண்ணனுக்கு வழுக்க இன்னும் கொஞ்சம் ஏறிருச்சு", "அந்தப் பிள்ள தலைக்குச் சாயம் போட்டுருக்கு, கல்யாணம் பேசறாங்க போல" என்பார். நான் சிரிப்பேன். இந்தத் தோட்டத்தில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளை இடுப்பில் தூக்கி வளர்த்தவர், அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைப் பார்த்துக்கொண்டு ஆறு வருடம் இருந்தார் என்பது அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அவர் போன அன்று நடந்ததையும் சொல்லவேண்டும், ஏனென்றால் உங்கள் புதிய வரைபடத்திலும் அதே அகலப் படிக்கட்டுதான் இருக்கிறது. அம்மாவை வைத்த பெட்டி மூன்றாம் மாடித் திருப்பத்தில் திரும்பவில்லை. ஆறு பேர் தூக்கிக்கொண்டு நின்றார்கள். இப்படிச் சாய்த்தார்கள், அப்படிச் சாய்த்தார்கள். கடைசியில் பெட்டியைக் கிட்டத்தட்ட நிமிர்த்தி, கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கித்தான் கொண்டுபோக முடிந்தது. உள்ளே அம்மா காலடிப் பக்கமாகச் சரிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கீழே கிடத்துவதற்கு இடம் இல்லை. மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தில் வண்டிகளை நகர்த்திவிட்டுப் பந்தல் போட்டோம். மழை பெய்தது. தேவாரம் பாடியவரின் காலுக்குக் கீழே எண்ணெய் கலந்த தண்ணீர் ஓடியது. அந்தத் திருப்பத்தை இன்றைக்கும் தினமும் இரண்டு முறை கடக்கிறேன்.

எங்கள் புளோக்கில் தனியாக இருந்த ஒரு பாட்டி போன வருடம் காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மகன் சாயங்காலம் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டில் ஆள் இருந்தது, எதிர் வீட்டிலும் இருந்தது. இரும்புக் கிரில், மரக்கதவு, டிவி சத்தம். யார் மேலும் தப்பு இல்லை. லயத்தில் இருந்தபோது விடியற்காலை ஐந்து மணிக்கு எந்த வீட்டு அடுப்பில் இன்னும் புகை வரவில்லை என்பது பத்து வீட்டுக்குத் தெரியும். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போகும் வழியில் யாராவது ஒருவர் கதவைத் தட்டி "என்னா, பசியாறலியா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். அதற்கென்று யாரையும் யாரும் நியமிக்கவில்லை. எல்லா வீட்டு முன்னாலும் ஓடிய அஞ்சடி அந்த வேலையைச் செய்தது. ஐந்தடி அகலம், மேலே ஒரு தாழ்வாரம், உட்கார ஒரு திண்டு. அவ்வளவுதான். அங்கே முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கிழவிகள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைகள் அங்கேயே வீட்டுப் பாடம் செய்தார்கள். வேலை முடிந்து வந்தவர்கள் அங்கேதான் காலை நீட்டினார்கள். மூன்று தலைமுறையும் ஒருவர் கண்ணில் ஒருவர் பட்டுக்கொண்டே இருந்தோம்.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்குக் கூடுதல் வருத்தம் உண்டு. தோட்டத்துக்குள் தொழிலாளர் குழந்தைகள் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் இருந்தால் முதலாளி குழந்தைப் பராமரிப்பு இடம் ஏற்பாடு செய்து தரவேண்டும் என்று மலேசியச் சட்டம் சொல்கிறது. தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரத்தை வகுத்த 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் அது. ஆயாக் கொட்டகை என்பது யாரோ மனமிரங்கிப் போட்ட பிச்சை இல்லை. ஆனால் தோட்டத்தை விட்டு வெளியேறி, சொந்த வீட்டுக்காரர்கள் என்ற பேரை வாங்கிய அன்றைக்கே அந்தக் கடமை யார் தலையிலும் இல்லாமல் போய்விட்டது. முதலாளி கணக்கு முடிந்தது, மேம்பாட்டாளர் வரைபடத்தில் அது இல்லை. இப்போது என் பாலர் பள்ளியில் 12 மணிக்கு மணி அடித்ததும் வேனில் ஏறும் பிள்ளைகளில் சிலர் வீட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள். அக்காளோ அண்ணனோ ஒன்றரை மணிக்குத்தான் வருவார்கள். அதே புளோக்கில் மூன்று மாடிக்கு மேலே, வேறு ஆளில்லாத வீட்டில் ஒரு பாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். இந்த இருவரையும் ஓர் இடத்தில் சேர்க்க ஒரு கூரை போதும்.

சரி, அப்படியானால் லயத்தையே திரும்பக் கட்டித் தரச் சொல்கிறாளா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. லயம் எங்களைக் கட்டிப்போட்ட இடமும்தான். வேலை போனால் வீடும் போகும் என்ற பயத்தில் அப்பா வாழ்நாள் முழுக்கத் தலைகுனிந்தே இருந்தார். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் புருஷன் பெண்டாட்டி பேசுவது இந்தப் பக்கம் கேட்கும். தண்ணிக்கடைச் சண்டை எல்லார் வாசலுக்கும் வரும். என் தம்பி மனைவியிடம் இந்த மடலைப் பற்றிச் சொன்னபோது அவள் சொன்னது: "எனக்கு அந்த அஞ்சடி வேணாம் அண்ணி. நான் எத்தனை மணிக்கு வர்றேன், என்ன சுடிதார் போட்டிருக்கேன்னு பத்துக் கிழவி கணக்கு வச்சது போதும்." அவள் சொன்னதை நான் இரண்டு நாள் யோசித்தேன். அவள் பேச்சில் நியாயம் இருக்கிறது. பெண்பிள்ளைகளை அந்தக் கண்கள் காத்தன, நெருக்கவும் செய்தன.

இதற்கு வழி உண்டு. கூடி வாழவும் வேண்டும், கதவைச் சாத்திக்கொள்ளவும் வேண்டும் என்ற இரண்டு ஆசைக்கும் இடம் கொடுத்து வீடு கட்டும் முறை ஒன்று டென்மார்க்கில் பிறந்து பல நாடுகளுக்குப் பரவியிருக்கிறது. அங்கே யான் குட்மன்-ஹோயர் என்ற கட்டடக் கலைஞர் 1964இல் சில நண்பர்களோடு சேர்ந்து இதைத் தொடங்கினார். முதலில் வாங்கிய நிலத்தில் அக்கம்பக்கத்தார் எதிர்த்ததால் கட்ட முடியவில்லை. 1967இல் போடில் கிரே என்ற பெண்மணி, ஒவ்வொரு பிள்ளைக்கும் நூறு பெற்றோர் இருக்கவேண்டும் என்று ஒரு பத்திரிகையில் எழுதினார். அதைப் படித்துக் கூடியவர்கள்தான் 1972இல் ஹில்லரோட் ஊருக்குப் பக்கத்தில் செட்டடாமன் என்ற குடியிருப்பைக் கட்டி முடித்தார்கள். 27 வீடுகள், நடுவில் எல்லாருக்கும் சொந்தமான ஒரு பொது வீடு. நூறு பெற்றோர் என்ற பேச்சைக் கேட்டால் எங்கள் பாட்டிமார் அதில் என்ன புதுமை என்று கேட்பார்கள். ஆனால் நாம் பழக்கத்தில் வைத்திருந்ததை அவர்கள் அளவு போட்டுக் கட்டடமாக்கினார்கள். நாம் கட்டடத்துக்குப் போனபோது பழக்கத்தைக் கைவிட்டுவிட்டோம்.

அது கூட்டுக்குடும்பம் இல்லை, விடுதியும் இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் முழு வீடு உண்டு. தனி அடுப்படி, தனிக் குளியலறை, தனிப் பூட்டு. அடுப்படி ஜன்னல் பொதுப் பாதையைப் பார்த்து இருக்கும். அரிசி களைந்துகொண்டே வெளியே விளையாடும் பிள்ளையைப் பார்க்கலாம். படுக்கும் அறையும் உட்காரும் அறையும் பின்பக்கம், யார் கண்ணும் படாத பக்கம். என் தம்பி மனைவியின் கேள்விக்கு இதுதான் பதில். பேச விருப்பமிருந்தால் முன்பக்கம் உட்காரு, விருப்பம் இல்லாத நாளில் பின்பக்கம் இரு. கார்களை நிலத்தின் ஓரத்தோடு நிறுத்திவிடுவார்கள். இறங்கி வீட்டுக்கு நடக்கும் வழியில்தான் பொது வீடு வரும். வேலை விட்டு வருகிறவர் அதைத் தாண்டித்தான் போகவேண்டும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஒரு பார்வை, இரண்டு வார்த்தை, விருப்பமிருந்தால் ஒரு தேநீர். கூடம் எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல் வரைபடத்தில் நடுவில் வைத்தவர் யாரோ, அவருக்கு இது தெரிந்திருக்கிறது. நிலத்தின் மூலையில் துணை மின்நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டினால் அது பூட்டிய கூடமாகத்தான் இருக்கும்.

பொது வீட்டில் பெரிய அடுப்படி இருக்கும். வாரத்தில் சில நாள் விருப்பப்பட்டவர்கள் சேர்ந்து சாப்பிடுவார்கள், முறை வைத்துச் சமைப்பார்கள். 30 குடும்பம் இருந்தால் ஒரு குடும்பத்துக்கு மாதம் ஒரு முறைகூட வராது. மற்ற நாளில் வேலை விட்டு வந்ததும் சுடுசோறு காத்திருக்கும். செம்பனைத் தோட்டத்திலும் தொழிற்சாலை ஷிப்டிலும் நின்றுவிட்டு வரும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டுப் பாருங்கள்.

இது பணக்கார நாட்டு ஆசை, நமக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட வேண்டாம். டென்மார்க்கிலேயே 1978இல் கட்டிய டிங்கோர்டன் குடியிருப்பு சாதாரண மக்களுக்கான வாடகை வீடுகள். ஆறு சிறு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பொது வீடு கொடுத்தார்கள். அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டாம். ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூரின் அடுக்குமாடிகளில் தரைத்தளத்தைத் திறந்த கூடமாக விட்டிருக்கிறார்கள். சீனர் சாவு வீடு, மலாய்க்காரர் கல்யாணம், நம்மவர் காரியம் எல்லாம் அங்கேயே நடக்கிறது. பெட்டியை மோட்டார்களுக்கு நடுவில் வைக்கவேண்டிய நிலை அங்கே இல்லை. 2018இல் திறப்புவிழா கண்ட கம்போங் அட்மிரல்ட்டியில் மூத்தோருக்கு 104 வீடுகள் கட்டி, அதே கட்டடத்தில் மருத்துவ நிலையம், உணவங்காடி, குழந்தைப் பராமரிப்பு நிலையம், மூத்தோர் நடவடிக்கை மையம் எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறார்கள். குழந்தைகள் மையமும் மூத்தோர் மையமும் பக்கத்தில் பக்கத்தில். அதே வருடம் உலகக் கட்டடக்கலை விழாவில் ஆண்டின் சிறந்த கட்டடம் என்ற விருது அதற்குக் கிடைத்தது. அதன் பெயரைப் பாருங்கள், கம்போங். மலாயில் கிராமம்.

மக்களால் இதையெல்லாம் கூடி நடத்த முடியாது, சண்டை வரும் என்று உங்களில் ஒருவர் சொன்னார். சண்டை வரும்தான். ஆனால் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960இல், அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது மாதம் பத்து வெள்ளிப் பணம் கட்டித் தோட்டம் வாங்கியவர்கள் யார்? கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்த எங்கள் தாத்தா பாட்டிமார்தான். தோட்டத்தையே கூடி வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு கூடத்தைக் கூடி நடத்தத் தெரியாது என்று முடிவு கட்டாதீர்கள். சண்டை வராமல் இருக்கவேண்டுமென்றால் கேட்டுவிட்டுக் கட்டவேண்டும். டென்மார்க்கில் குடியேறப் போகிறவர்களே கட்டடக் கலைஞரோடு உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். அந்தக் கூட்டங்களிலேயே பாதிச் சண்டை தீர்ந்துவிடும், பாதி நட்பும் உண்டாகிவிடும். எங்களை வரைபடம் முடிந்த பிறகு கூப்பிட்டீர்கள்.

கேட்டிருந்தால் வெளியாருக்குத் தோன்றாத சிலவற்றைச் சொல்லியிருப்போம். இரண்டாம் டிவிஷனில் நம்மவர்களோடு மலாய்க் குடும்பங்களும் இருக்கின்றன. பொது அடுப்படி என்றால் ஹலால் அடுப்பு தனியாக, அதற்கென்று பாத்திரமும் கழுவுத்தொட்டியும் தனியாக இருக்கவேண்டும். நம்மிலேயே சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் உண்டு. இதை முதலிலேயே யோசிக்காமல் ஒரே அடுப்பு வைத்தால் ஒரு பகுதி மக்கள் அந்தப் படியையே மிதிக்கமாட்டார்கள், அப்புறம் பொது வீடு ஒரு சாராரின் மண்டபமாகிவிடும். திருவிழா மாதத்தில் உருமி மேளப் பயிற்சி நடக்கும். அதே மாதத்தில் எஸ்பிஎம் பள்ளித் தேர்வு எழுதும் பிள்ளை இருக்கும். அதனால் படிக்கும் அறையைக் கூடத்தோடு ஒட்டாமல் தள்ளி வைக்கவேண்டும். வேட்டி சேலை காயப்போடக் கொடிக்கம்பி வேண்டும். துவைக்கும் இடத்தில்தான் பெண்கள் பேசுவார்கள், அதை நிழலில் வையுங்கள். கறிவேப்பிலைக்கும் வெற்றிலைக்கும் ஒரு துண்டு மண் வேண்டும். வயதானவர்களுக்குக் கையில் மண்ணில்லாமல் பொழுது போகாது.

இனி பணம். கூடத்தை எடுத்ததற்கு நீங்கள் சொன்ன காரணம் கார் நிறுத்துமிடப் பற்றாக்குறை. ஒரு கார் நிற்க ஏறக்குறைய 130 சதுர அடி ஆகும். 12 கார் என்றால் இடையில் போகும் பாதையைச் சேர்க்காமலே 1,500 சதுர அடிக்கு மேல். அரசாங்கத்தின் மக்கள் வீட்டுத் திட்டமான பிபிஆரில் ஒரு வீடு 700 சதுர அடி என்று கணக்கு வைத்தால், இரண்டு வீட்டுக்கும் அதிகமான இடத்தை நீங்கள் வண்டிக்குக் கொடுத்திருக்கிறீர்கள். வண்டியும் தேவைதான், நிலத்தின் பின்பக்க ஓரத்தில் இடம் இருக்கிறது. அங்கே நிறுத்தினால் வீட்டுக்குச் சில நிமிட நடை கூடும். எங்கள் வீடுகளின் அளவில் கைவைக்காதீர்கள், 700 சதுர அடியில் எடுப்பதற்கு ஒன்றும் இல்லை.

பராமரிப்பு யார் செய்வது என்பது நியாயமான கேள்வி. 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி வீட்டுக்காரர்கள் பராமரிப்புக் கட்டணமும் அதோடு ஒரு சேமநிதியும் கட்டத்தான் போகிறார்கள், நிர்வாகக் குழுவையும் தேர்ந்தெடுக்கத்தான் போகிறார்கள். எங்கள் புளோக்கில் பல வீடுகள் கட்டணம் கட்டுவதில்லை என்பது உண்மை. கட்டாதவர்களைக் கேட்டால், என்ன கிடைக்கிறது எங்களுக்கு, ஒரு விளக்குக்கூட எரியவில்லை என்கிறார்கள். தினமும் உட்காரும் இடத்துக்குப் பணம் கேட்டால் கொடுக்க மனம் வரும் என்பது என் நம்பிக்கை.

அவசரம் ஏன் என்றால், கட்டி முடித்த பிறகு திருத்த முடியாது. புதிய நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவுக்காகக் காலி செய்த தோட்டங்களின் மக்களை டெங்கில் என்ற ஊரின் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடியில் குடியேற்றினார்கள். சுவர் விரிசலோடு அவர்கள் எத்தனை வருடம் போராடினார்கள் என்பது ஊரறிந்த கதை. இன்னொன்று, நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2030இல் மக்கள்தொகையில் 15 விழுக்காடு ஆகிவிடுவார்கள் என்று அரசாங்கமே சொல்கிறது. தோட்டப் பட்டணங்களில் இளையவர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட பிறகு மிச்சமிருப்பது யார் என்று உங்களுக்கும் தெரியும். அந்த 60 வீட்டில் ஏறப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு முழங்கால் வலி என்று எண்ணிப் பார்த்தீர்களா?

இனி நான் கேட்பவை.

டெண்டர் விடுவதை நிறுத்திவையுங்கள். இரண்டாம் டிவிஷன் மக்களைக் கட்டடக் கலைஞரோடு உட்காரவைத்துக் குறைந்தது மூன்று கூட்டம் நடத்துங்கள். ஒரு கூட்டம் பெண்களுக்கு மட்டும், ஞாயிற்றுக்கிழமை, லயத்திலேயே. ஆண்கள் இருந்தால் அடுப்படியைப் பற்றி அவர்கள்தான் பேசுவார்கள்.

ஐந்து மாடிக்குப் பதில் நிலம் அனுமதிக்கும் அளவுக்குத் தாழ்வாகக் கட்டுங்கள். 60 வீட்டை 30, 30 ஆக இரண்டு முற்றமாகப் பிரியுங்கள். 30 குடும்பம் என்றால் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்ள முடியும். மாடி தவிர்க்கவே முடியாது என்றால் மின்தூக்கி வையுங்கள், முதியோரும் ஊனமுற்றோரும் உள்ள குடும்பங்களுக்குத் தரைத்தளத்தை ஒதுக்குங்கள். வாசலிலும் பாதையிலும் சாய்தளத்திலும் முதியோரும் ஊனமுற்றோரும் தடையில்லாமல் புழங்குவதற்கான மலேசியத் தரமான எம்எஸ் 1184ஐக் கடைப்பிடியுங்கள். ஒரு பெட்டியும் ஒரு ஸ்ட்ரெச்சரும் படுக்கை நிலையிலேயே திரும்புகிற அளவுக்குப் படிக்கட்டுத் திருப்பம் அகலமாக இருக்கட்டும். இந்த ஒன்றிலாவது நீங்கள் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று கையெடுத்துக் கேட்கிறேன்.

ஒவ்வொரு வீட்டு முன்னாலும் அஞ்சடி வேண்டும். கூரையோடு, உட்காரத் திண்டோடு.

பொது வீட்டை நடுவில் திரும்ப வையுங்கள். கார் நிறுத்திவிட்டு நடந்து வரும் வழியில், இரண்டு அடுப்பு வசதியோடு, மழை பெய்தாலும் ஒரு காரியத்தைக் கௌரவமாக நடத்தும் அளவில். அதே கூரைக்குக் கீழே ஒரு பக்கம் குழந்தைப் பராமரிப்பு இடம், மறுபக்கம் மூத்தோருக்கான இடம், நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. மூத்தோர் நடவடிக்கை மையத்துக்குச் சமூகநல இலாகாவிடம் விண்ணப்பிக்க நீங்கள் முன்வந்தால் கடிதங்களை எழுதித் தர நான் இருக்கிறேன். பிள்ளைகள் பக்கத்துக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியைகள் இருவர் இப்போதே தயார், அதில் ஒருத்தி நான்.

வீடு ஒதுக்கும்போது குலுக்கல் போடாதீர்கள். பெற்றோரும் கல்யாணமான பிள்ளைகளும் தனித்தனி வீட்டில், ஆனால் ஒரே முற்றத்தில் இருக்க விண்ணப்பிக்க வழி செய்யுங்கள். பிள்ளை இல்லாத பெரியவர்கள் தங்களுக்குப் பிடித்த பக்கத்து வீட்டுக்காரரின் பேரைக் கொடுக்கட்டும். எங்களை ஏற்றியபோது 40 வருடம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்களை வேறு வேறு புளோக்கில் போட்டார்கள். அம்மாவின் தோழி ஏ புளோக் ஐந்தாவது மாடி. இருவரும் ஜன்னலில் இருந்து கையசைத்துக்கொள்வார்கள்.

முதல் டிவிஷன் அடுக்குமாடியையும் மறந்துவிடாதீர்கள். எங்களுக்குப் புது வீடு வேண்டாம். இரண்டு புளோக்குக்கும் நடுவில் இருக்கும் மோட்டார் நிறுத்துமிடத்தில் பாதிக்குக் கூரை போட்டு, தரையை உயர்த்தி, நான்கு பெஞ்சும் ஒரு குழாயும் வைத்துக் கொடுங்கள். மற்றதைக் கோத்தோங் ரோயோங் செய்து, எல்லாரும் கைகொடுத்து, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இந்த மடலின் ஒரு பிரதியில் இரண்டாம் டிவிஷன் குடும்பங்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கின்றன. வரும் திங்கட்கிழமை அதை உங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுப்பேன். அன்றிலிருந்து 30 நாளுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். எதைச் செய்ய முடியும், எதை முடியாது, முடியாததற்கு என்ன காரணம் என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லுங்கள். அந்தப் பதிலைத் தமிழிலும் மலாயிலும் கோயில் அறிவிப்புப் பலகையிலும் முஸ்லிம்கள் தொழும் சுராவ் வாசலிலும் ஒட்டுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும், படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேருக்குக் கண்புரை.

இப்படிக்கு,
முதல் டிவிஷன் ஆயாவின் மகள்
பி புளோக், நான்காவது மாடி